புத்தம் புது ரோப்பில் பிசிறு... நம்பி பாறை ஏறலாமா? எந்தக் குறை ஆபத்து, எது இல்லை?

ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கிய பாறையேற்றக் கயிறு. பிரித்துப் பார்த்தால் ஓரிடத்தில் நூல் பிசிறு, இன்னோர் இடத்தில் சின்னதாக ஒரு புடைப்பு. "புதுசுதானே, ஒண்ணும் ஆகாது" என்பார் ஒரு நண்பர். "உயிர் சமாச்சாரம், தூக்கிப் போடு" என்பார் இன்னொருவர்.

யார் சொல்வது சரி? இரண்டும் பாதிதான் சரி. கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற குறை பல நேரம் ஆபத்தில்லாதது. உண்மையிலேயே ஆபத்தான குறை கண்ணுக்குச் சிக்காமலும் போகலாம். இரண்டையும் எப்படிப் பிரித்து அறிவது? பார்க்கலாம்.

கயிற்றுக்குள் என்ன இருக்கு?

இன்றைய பாறையேற்றக் கயிறுக்கு 'கெர்ன்மேன்டில்' என்று பெயர். ஜெர்மன் மொழியில் 'கெர்ன்' என்றால் உட்கரு, 'மான்டெல்' என்றால் மேலங்கி. 1953இல் ஜெர்மனியின் எடெல்ரிட் நிறுவனம் இந்த வகையை அறிமுகப்படுத்தியது. அதற்கு முன்பு சணல் போன்ற நார்களை முறுக்கிச் செய்த கயிறுகள்தான் அதிகம்.

உள்ளே நைலான் இழைகளால் ஆன உட்கரு, அதைச் சுற்றிப் பின்னிய உறை. சுமையில் பெரும்பங்கைத் தாங்குவது உட்கரு. உராய்விலிருந்தும் அழுக்கிலிருந்தும் அதைக் காப்பது உறையின் வேலை. எனவே ஒரு குறையைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இது உறையோடு நிற்கிறதா, உட்கருவரை போயிருக்கிறதா?

தரச்சான்று இருந்தால் போதாதா?

ஏறுபவர் விழும்போது நீண்டு கொடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் கயிறு 'டைனமிக்' ரோப். இதற்கான ஐரோப்பியத் தரவிதி ஈஎன் 892. ஒற்றைக் கயிறு வகையில், 3 மீட்டருக்கும் குறைவான துண்டில் 80 கிலோ எடையைக் கட்டி, சுமார் 4.8 மீட்டர் கீழே விழவிடுவார்கள். ஐந்து நிமிட இடைவெளியில் திரும்பத் திரும்ப இப்படி விழவிட்டும், குறைந்தது 5 முறை அறாமல் தாங்க வேண்டும். முதல் விழுதலில் ஏற்படும் விசை 12 கிலோ நியூட்டனைத் தாண்டக் கூடாது. இது சுமார் 1,200 கிலோ எடை தொங்குவதற்குச் சமம்.

கடுமையான சோதனைதான். ஆனா ஒரு விஷயம்: சோதனைக்குப் போன துண்டு விற்பனைக்கு வராது. அந்த மாதிரி கயிறு பாஸ் ஆனது என்பதற்குத்தான் சான்று அத்தாட்சி. கைக்கு வந்த கயிறு தொழிற்சாலையிலோ, குடோனிலோ, கூரியர் வண்டியிலோ அடிபட்டதா என்பதை அது சொல்லாது. அதைப் பார்க்க வேண்டியவர் வாங்கியவர்தான்.

பார்க்க ஒரு மாதிரி, ஆனா பயமில்லை

லேசான பிசிறு: உறையின் ஓரிரு மெல்லிய இழைகள் மட்டும் மேலே எழும்பி, சுற்றியுள்ள பின்னல் நெருக்கமாகவே இருந்தால் பலம் குறையாது.

சிறு முடிச்சு போன்ற தடம்: பின்னும்போது ஒரு நூல் தீர்ந்து அடுத்த நூல் சேரும் இடம் இப்படித் தெரியலாம். தொட்டால் உள்ளே உருண்டையாக, உறுதியாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

பாதியில் டிசைன் மாறுவது: பலர் இதைத் தயாரிப்புப் பிழை என்று நினைத்துவிடுகிறார்கள். கயிற்றின் நடுப்பகுதி எது என்று காட்ட வேண்டுமென்றே செய்யப்படுவது இது.

சுருள் சுருளாக முறுக்கிக்கொள்வது: புதுக் கயிற்றைச் சுற்றியிருந்த முறைப்படி பிரிக்காமல், வளையம் வளையமாக உருவினால் வரும் தொல்லை. கைவழியாக முழு நீளத்தையும் சில முறை ஓடவிட்டால் சரியாகும்.

இவை இருந்தால் திருப்பி அனுப்பணும்

உறை வெட்டுப்பட்டிருப்பது, அல்லது உள்ளிருக்கும் வெள்ளை இழை தெரிவது. பார்சலைப் பிரிக்கும் கத்தியே இதைச் செய்துவிடலாம், கவனம்.

ஓரிடத்தில் மட்டும் கயிறு மெலிந்தோ, தட்டையாகவோ, கொழகொழவென்றோ இருப்பது.

ஓரிடத்தில் மட்டும் விறைத்துக் கட்டி தட்டியிருப்பது, உருகிய தடம் இருப்பது.

உறை தனியாக நழுவி, முனையில் உட்கரு இல்லாமல் தொளதொளவென்று தொங்குவது.

காரணம் தெரியாத கறை, ரசாயன வாடை, நிறம் வெளுத்த திட்டு.

'ஓரிடத்தில் மட்டும்' என்ற வார்த்தைதான் இங்கே சாவி. கயிறு முழுக்க மிருதுவாக இருந்தால் அது அதன் தயாரிப்பு இயல்பு. 60 மீட்டர் ஒரே மாதிரி இருந்து, ஒரு சாண் மட்டும் வேறு மாதிரி இருந்தால் அதுதான் குறை.

விரல்தான் ஸ்கேனர்

சோதனை எளிது. வெளிச்சமான இடத்தில் உட்கார்ந்து, கயிற்றை ஒரு முனையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விரல்களுக்கிடையே ஓடவிட வேண்டும். சந்தேகம் வரும் இடத்தில் இரு கைகளாலும் பிடித்து, சின்ன வளையமாக வளைக்க வேண்டும். நல்ல கயிறு 'ப' வடிவில் உருண்டையாக வளையும். உட்கரு பழுதான இடம் கொண்டை ஊசி போல மடங்கிப் படுத்துவிடும். பக்கத்தில் நல்ல பகுதியையும் இதேபோல வளைத்து ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும்.

தொங்கிப் பார்த்தா தெரியாதா?

தெரியாது. 80 கிலோ மனிதர் அசையாமல் தொங்கினால் வரும் விசை சுமார் 0.8 கிலோ நியூட்டன்தான். விழும்போது அது பல மடங்கு ஏறும். பாதி இழை அறுந்த கயிறும் தொங்குபவரைத் தாங்கிவிடலாம். 'நான் தொங்கிப் பார்த்தேன், தாங்குச்சு' என்பது ஆறுதல்தானே தவிர ஆதாரம் இல்லை. கயிற்றின் முழு பலத்தையும் அளக்க ஒரே வழி, அது அறும்வரை சோதிப்பது. சோதித்த பிறகு கயிறே இருக்காது!

கண்ணுக்குத் தெரியாத எதிரி

நைலானுக்கு அமிலம் ஆகாது. கார் பேட்டரியில் இருக்கும் சல்ஃபியூரிக் அமிலம் பட்ட இடம் பார்வைக்குச் சாதாரணமாகவே இருந்து, விழும் நேரத்தில் அறுந்துவிடலாம். ஜெர்மன் ஆல்பைன் சங்கத்தின் பாதுகாப்பு ஆய்வுப் பிரிவை நடத்திய பிட் ஷூபர்ட், கயிறு அறுந்த விபத்துகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். நவீன கயிறுகள் அறுந்ததற்கு அவர் சுட்டிய முக்கியக் காரணங்கள் இரண்டு: கூரான பாறை விளிம்பு, அமிலம். பார்சல் நனைந்தோ கறையோடோ வந்தால் வாங்காமல் இருப்பதே நல்லது. கார் டிக்கியில் பேட்டரி இருந்த இடத்தில் கயிற்றை வைக்கவே கூடாது.

குறையைச் சுற்றி மார்க்கர் பேனாவால் வட்டம் போடுவதும் தவறு. சில மை வகைகள் கயிற்றின் பலத்தைப் பெருமளவு குறைக்கும் என சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பான யூஐஏஏ எச்சரித்துள்ளது. அடையாளத்துக்கு ஒரு துண்டு டேப் போதும்.

பலம் குறையாமலே ஆளைக் கொல்லும் குறை

நடுக்குறி தப்பாக இருப்பதுதான் அது. கயிற்றை நடுவில் மாட்டி, இரு பாதியையும் சேர்த்துப் பிடித்து இறங்கும்போது ஒரு பக்கம் குட்டையாக இருந்தால், அந்த முனை கருவியை விட்டு நழுவி ஆள் கீழே விழுவார். புதுக் கயிறு வந்ததும் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்து மடித்து, குறி சரியாக நடுவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முனையில் குறை இருக்கிறது என்று கொஞ்சம் வெட்டிவிட்டாலும் நடு மாறிவிடும், திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

1865 சொல்லும் பாடம்

1865 ஜூலை 14. ஆல்ப்ஸ் மலையின் மேட்டர்ஹார்ன் சிகரத்தில் முதன்முதலாக ஏறிய எட்வர்ட் விம்பர் குழு இறங்கிக்கொண்டிருந்தது. ஒருவர் கால் வழுக்க, கயிறு அறுந்து 7 பேரில் 4 பேர் உயிரிழந்தனர். அறுந்தது, அவர்கள் கொண்டுபோன கயிறுகளிலேயே பலவீனமானது. அதைவிட உறுதியான கயிறு அவர்களிடமே இருந்தது. அறுந்த துண்டு இன்றும் சுவிட்சர்லாந்தின் செர்மாட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சந்தேகம் தீரலைன்னா என்ன செய்வது?

கயிற்றைப் பயன்படுத்தாமல், குறையுள்ள இடத்தைப் போட்டோ, வீடியோ எடுக்க வேண்டும். லேபிளில் உள்ள தயாரிப்பு ஆண்டு, பேட்ச் எண்ணோடு விற்றவருக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும். ஒருமுறை ஏறிவிட்டால், குறை வாங்கும்போதே இருந்ததா, பிறகு வந்ததா என்று நிரூபிப்பது கஷ்டம். ஆண்டையும் பாருங்கள்: பயன்படுத்தாமலே வைத்திருந்தாலும் 10 ஆண்டுகள்தான் ஆயுள் என்கின்றன பல நிறுவனங்கள்.

குறை உறையோடு நின்று, வளைத்துப் பார்த்ததில் சீராக இருந்து, நிறுவனமும் சரி என்றால் தயங்காமல் ஏறலாம். இந்த மூன்றில் ஒன்று இடித்தாலும் அந்தக் கயிற்றில் ஏற வேண்டாம்.