தாலரும் நம் வெள்ளியும்



"ரிங்கிட்டை நாம் ஏன் வெள்ளி என்கிறோம்?" என்று கோலசிலாங்கூர்த் தோட்டப்புற மாணவன் ஒருவன் வினவினான். விடையாக, என் சேகரிப்பிலுள்ள இரு நாணயங்களை வகுப்பிற்குக் கொண்டு சென்றேன். ஒன்று, 1866ஆம் ஆண்டின் பிரஷ்யத் தாலர். மற்றொன்று, 1903ஆம் ஆண்டின் நீரிணைக் குடியேற்ற டாலர்.

500 கிராம் தூய வெள்ளிக்கு 30 தாலர் என்பது 1857இல் ஜெர்மானிய அரசுகள் செய்த உடன்படிக்கை. அக்கணக்கு நாணயத்திலேயே பொறிக்கப்பட்டுள்ளது. 'டாலர்' என்னும் சொல்லும் 'தாலர்' என்பதிலிருந்தே பிறந்தது. 1903ஆம் ஆண்டு டாலரில் ஆங்கிலம், சீனம், ஜாவி எழுத்துகள் உள்ளன, தமிழ் இல்லை. எனினும் நம் முன்னோர் அதன் உலோகத்தையே பெயராக்கி 'வெள்ளி' என்றழைத்தனர்.

இவ்விரு நாணயங்களுக்கும் சொல்லுறவு மட்டுமன்று, துயர உறவும் உண்டு. 1871இல் ஒன்றுபட்ட ஜெர்மனி, 1873இல் தங்க மார்க்கிற்கு மாறியது. பெருமளவு தாலர்களைத் திரும்பப் பெற்று உருக்கி, 1879 வரை அவ்வெள்ளியை உலகச் சந்தையில் விற்றது. அமெரிக்கச் சுரங்கங்களும் வெள்ளியைக் குவித்தன. வேறு பல நாடுகளும் தங்கத்தை நாடின. இலண்டனில் அவுன்சு 60 பென்ஸ் விற்ற வெள்ளி, 1902இல் ஏறத்தாழ 24 பென்சுக்கு வீழ்ந்தது.

இதனால் தோட்டத் தொழிலாளிக்கு என்ன நேர்ந்தது? அக்காலத்தில் சிலாங்கூரில் புழங்கிய டாலரில் 24 கிராமுக்குச் சற்று மிகுதியான தூய வெள்ளி இருந்தது. இந்திய ரூபாயிலோ 10.7 கிராம். இரண்டும் வெள்ளியாக இருந்தவரை ஒரு டாலருக்கு இரண்டேகால் ரூபாய் பெறுமானம். 1893இல் இந்திய அரசு வெள்ளியைத் தடையின்றி நாணயமாக்குவதை நிறுத்தியது. ரூபாய் மெல்ல 16 பென்சில் நிலைபெற்றது. டாலரோ வெள்ளியோடு சேர்ந்து சரிந்தது. 1902 வாக்கில் அதன் மதிப்பு ஏறத்தாழ ஒன்றேகால் ரூபாயே. 1906இல் டாலரை 28 பென்சில் நிலைநிறுத்திய பின்னரும் ஒன்றேமுக்கால் ரூபாய்தான் கிடைத்தது.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேமித்து ஊருக்கு அனுப்பிய பணம், அனுப்பியவர் குற்றமின்றியே பாதியளவாகச் சுருங்கியது. பெர்லினில் எடுத்த முடிவுக்கும் அதில் பங்குண்டு என்பதை அவர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

இதைக் கேட்ட மாணவர்கள் சற்று நேரம் பேசவில்லை. பின்னர் அந்த நாணயத்தைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தனர்.

பெற்றோரே, பாட்டியின் பெட்டியில் பழைய நாணயம் இருந்தால் புளியிட்டுத் தேய்க்காதீர்கள்; அதன் மதிப்புக் குறைந்துவிடும். எடைக்குப் போட்டு உருக்கவும் விடாதீர்கள். அது யார் உழைத்து ஈட்டியது என்பதைக் கேட்டறிந்து, ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். நாணயத்தின் வரலாறு நூல்களில் கிடைக்கும். நம் குடும்பத்தின் வரலாற்றை நாம்தான் எழுத வேண்டும்.