சீதைப்பாண்டி: எதிராளி இல்லாத ஆட்டம்

எதிராளி இன்றி ஒருவர் தனித்து ஆடும் ஆட்டங்களுக்கு இன்று பரவலாக வழங்கும் பொதுப்பெயர் சாலிட்டேர். 'தனித்தது' எனப் பொருள்படும் இலத்தீன் சொல் பிரெஞ்சு வழியாக இவ்வடிவம் பெற்றது. துளைப்பலகையில் முளைகளைத் தாண்டி வெட்டி, கடைசியில் ஒன்றை மட்டும் எஞ்சவிடும் ஆட்டம் 1697ஆம் ஆண்டின் பிரெஞ்சுச் செதுக்கோவியம் ஒன்றில் காணப்படுகிறது. அறிஞர் லைப்னிட்ஸ் 1710இல் அதைப் பற்றி எழுதினார். சீட்டுக்கட்டு வடிவம் பின்னர் தோன்றி, 1990இல் வெளிவந்த விண்டோஸ் 3.0 வழியாக அலுவலகம்தோறும் நுழைந்தது. இவற்றிலெல்லாம் ஆடுபவருக்கு வெற்றியோ தோல்வியோ உண்டு. தமிழ்ப் பெண்கள் ஆடிவந்த சீதைப்பாண்டியில் இரண்டுமே இல்லை.

சோழவரம், கும்மிடிப்பூண்டி போன்ற வடகோடி ஊர்கள் முதல் குமரி வரை அறியப்பட்ட பல்லாங்குழியின் ஒரு வகையே சீதைப்பாண்டி. பக்கத்துக்கு ஏழாக இரு வரிசையில் பதினான்கு குழிகள் குடைந்த மரப்பலகையில், புளியங்கொட்டை, சோழி, மஞ்சாடி போன்றவற்றைக் காய்களாகக் கொண்டு இருவர் எதிரெதிரே அமர்ந்து ஆடுவதே பல்லாங்குழியின் பொது வழக்கம். பதினான்கு குழி என்பதே மருவிப் பல்லாங்குழி ஆயிற்று என்பது 1954இல் 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' எழுதிய தேவநேயப் பாவாணரின் கருத்து. அசோகவனத்தில் சிறையிருந்த சீதை, பொழுது போக்கத் துணையின்றித் தனியே ஆடியது சீதைப்பாண்டி என்று பெண்களின் வாய்மொழி வழக்கு கூறுகிறது. இதை வரலாற்றுச் செய்தியாகக் கொள்ள இயலாது; ஆயினும் ஆட்டத்தின் இயல்பை நன்கு உணர்ந்தவர்கள் இட்ட பெயர் இது என்பதில் ஐயமில்லை.

ஆட்டத்தின் முறை ஒன்றில், ஒரு வரிசையின் ஏழு குழிகளில் முறையே 7, 6, 5, 4, 3, 2, 1 என மொத்தம் 28 காய்கள் இடப்படுகின்றன. ஏழு காய் உள்ள குழியை முழுதும் எடுத்து, அடுத்த குழியிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே சென்று, வரிசை முடிந்ததும் தொடக்கத்துக்குத் திரும்பினால், ஏழாவது காய் வெறுமையாக்கிய குழியிலேயே விழுகிறது. இப்போது ஆறு இருந்த இடத்தில் ஏழு, ஐந்து இருந்த இடத்தில் ஆறு என ஒவ்வொரு குழியிலும் ஒன்று கூடியிருக்க, முதற்குழியில் மட்டும் ஒன்று நிற்கிறது. அதாவது, பழைய வரிசை அப்படியே ஒரு குழி நகர்ந்திருக்கிறது. மறுபடி ஏழு உள்ள குழியை எடுத்து ஆடினால் மீண்டும் ஒரு குழி நகரும். ஏழாம் முறை ஆடி முடிக்கையில் காய்கள் தொடங்கிய நிலைக்கே வந்து சேரும். காய் வெட்டுதல் இதில் இல்லை. ஆடுபவர் கை ஓய்ந்தாலன்றி ஆட்டம் தானாக ஓய்வதும் இல்லை.

பதினான்கு குழிகளையும் சுற்றி ஆடினாலும் இவ்வரிசை கலையாமல் நகர்ந்துகொண்டே இருக்கும் என்பது வியப்பூட்டுவது. நைஜீரியாவின் யொருபா மக்கள் ஆடும் ஆயோ என்னும் குழியாட்டத்திலும் இத்தகைய வரிசைகள் உண்டு. கணித அறிஞர்கள் அவற்றுக்கு 'அணிவகுத்துச் செல்லும் கூட்டம்' எனப் பொருள்தரும் பெயரிட்டு ஆராய்ந்துள்ளனர். எண்ணும் எழுத்தும் மறுக்கப்பட்ட பெண்கள் அதே ஒழுங்கைக் கையால் கண்டு, ஆட்டமாக்கிப் பேணினர் என்பது தமிழ்க் கணித வரலாற்றில் இடம்பெறத் தக்கது.

பூப்பெய்திய பெண்ணை வீட்டாரிடமிருந்து ஒதுக்கி வைத்த நாட்களில் பல்லாங்குழி அவளுக்குத் துணையாக இருந்தது. பலகையைத் தொட்டு எதிரே அமர ஆளில்லாத வேளையில், முடிவில்லாத ஆட்டமே பயன்பட்டிருக்கும். அதில் ஏமாற்றவும் வழியில்லை: ஒரு காய் தவறிக் குழி மாறி விழுந்தால், அடுத்த சுற்றுகளில் ஏழு காய் நிற்க வேண்டிய குழியில் எட்டோ ஆறோ நின்று, பிழையை அவளுக்கே காட்டிவிடும்.