வத்திக்கான் செய்தி சொல்லக் கற்றுக்கொண்ட கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். மற்றவர்கள் லைக் போட்டுவிட்டுப் போனாலும் வருத்தமில்லை.

என்னிடம் வரலாறு படித்த ஒருவர் இப்போது பங்குத்தந்தையாக இருக்கிறார். வகுப்பில் "டேய்" என்று கூப்பிட்ட பையனை இன்று "ஃபாதர்" என்கிறேன், கூச்சம் அவருக்குத்தான். போன வாரம் போனில் கேட்டார்: "சார், எங்க வயசான சாமியார் ஒருத்தர் ஆஸ்பத்திரியில இருக்கார். பங்கு ஃபேஸ்புக் பக்கத்துல ஒண்ணும் போடலைன்னா வதந்தி கிளம்புது. போட்டா ஏன் போட்டீங்கன்னு சண்டைக்கு வர்றாங்க." எனக்குத் தெரிந்தது வரலாறுதான். இதே சிக்கலில் வத்திக்கான் பட்ட பாட்டைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

கருவி விஷயத்தில் வத்திக்கான் பின்தங்கியதே இல்லை. 1931 பிப்ரவரி 12-இல், மார்க்கோனியே அமைத்துக் கொடுத்த வானொலியில் போப் பதினோராம் பயஸ் பேசினார். ஆனால் எதை, எப்போது சொல்வது என்ற பழக்கம் வருவதற்கு இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

1958-இல் பன்னிரண்டாம் பயஸ் மரணப் படுக்கையில் கிடந்தார். அக்டோபர் 9 அதிகாலையில்தான் உயிர் பிரிந்தது. ஆனால் முதல் நாளே அவர் இறந்துவிட்டார் என்று இத்தாலியப் பத்திரிகைகள் சில அச்சடித்து விற்றுவிட்டன. அதைவிடக் கொடுமை, அவருடைய சொந்த மருத்துவர் கலேயாட்சி-லீசி கடைசி நாட்களின் விவரங்களையும் படங்களையும் பத்திரிகைகளுக்கு விற்றதுதான். கர்தினால்கள் அவரை வெளியேற்றினார்கள். படங்கள் வந்தது வந்ததுதான்.

அடுத்தது 1978. முதலாம் யோவான் பவுல், அன்று நம் ஊர்க் கத்தோலிக்கர் வழக்கில் அருள் சின்னப்பர். பதவியேற்று 33 நாட்களில் படுக்கையிலேயே இறந்து கிடந்தார். காலையில் அவரை முதலில் கண்டவர் செயலாளர் என்று வத்திக்கான் அறிவித்தது. உண்மையில் முதலில் பார்த்தது காபி கொண்டுவந்து வைக்கும் அருட்சகோதரி. போப்பின் படுக்கையறைக்குள் ஒரு பெண் போனார் என்று சொல்வது அழகல்ல என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். அவர் கையில் என்ன புத்தகம் இருந்தது என்று சொன்னதையும் பிறகு திருத்த வேண்டியதாயிற்று. சின்னச் சின்னப் பொய்கள்தான். ஆனால் இதில் பொய் என்றால் எதில் உண்மை என்று உலகம் கேட்டது. 1984-இல் டேவிட் யாலப் என்பவர் அவரை விஷம் வைத்துக் கொன்றார்கள் என்று ஒரு புத்தகமே எழுதினார். அது லட்சக்கணக்கில் விற்றது. ஒரு காபிக் கோப்பையை மறைத்ததற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்!

2005-இல் இரண்டாம் யோவான் பவுல் இறந்தபோது நிலைமை பரவாயில்லை. செய்தித் தொடர்பாளர் நவாரோ-வால்ஸ் மருத்துவம் படித்தவர், பத்திரிகையாளரும்கூட. மரணச் செய்தி நிருபர்களுக்கு மின்னஞ்சலில் போனது.

2009-இல் நடந்தது எனக்குப் பிடித்த பாடம். ஜனவரி 23-இல் வத்திக்கான் தன் யூடியூப் சேனலைத் தொடங்கியது. மறுநாளே, சபையை விட்டு விலக்கப்பட்டிருந்த நான்கு ஆயர்களின் தண்டனையை நீக்கிய அறிவிப்பு வெளியானது. அவர்களில் ஒருவரான வில்லியம்சன், யூதப் படுகொலையையே மறுத்துப் பேசியவர். உலகமே கொதித்தது. மார்ச் 10-இல் பதினாறாம் பெனடிக்ட் ஆயர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். இணையத்தைக் கவனித்திருந்தால் இது முன்பே தெரிந்திருக்கும் என்று தனக்குச் சொல்லப்பட்டதாகவும், இனி அதைக் கவனிப்போம் என்றும் அதில் வெளிப்படையாக ஒத்துக்கொண்டார். சேனல் திறந்தவர்கள் தேடிப் பார்க்கவில்லை. பேசும் வாய் இருந்தது, காது இல்லை.

அதே பெனடிக்ட்தான் 2012 டிசம்பர் 12-இல் ஐபேடைத் தட்டி ட்விட்டரில் நுழைந்தார். முதலில் எட்டு மொழிகள். நம் தமிழ் அதில் இல்லை. (வத்திக்கான் வானொலியில் தமிழ்ப் பிரிவு உண்டு, கேட்டுப் பாருங்கள்.) இரண்டு மாதம் கழித்து, 2013 பிப்ரவரி 11-இல், பதவி விலகுவதாகக் கர்தினால்கள் முன் லத்தீனில் அறிவித்தார். ஆன்சா செய்தி நிறுவனத்தின் ஜொவான்னா கீர்ரி என்ற நிருபருக்கு லத்தீன் புரிந்ததால் செய்தி உலகுக்கு ஓடியது. பள்ளியில் இதெல்லாம் எதற்கு என்று கேட்டவர்கள் கவனிக்க!

அந்த ட்விட்டர் கணக்கில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. பெனடிக்ட் போனதும் பீடம் காலி என்று பொருள்படும் லத்தீன் சொற்கள் அதன் பெயராயின. பழைய பதிவுகள் தனியே ஆவணமாயின. மார்ச் 17-இல் பிரான்சிஸ் அதே கணக்கில் எழுதத் தொடங்கினார். கணக்கு பதவிக்குச் சொந்தம், ஆளுக்கு அல்ல. ஃபாதர் இதைக் கேட்டதும் "ஐயோ சார், பங்குப் பக்கம் என் போன் நம்பர்லதான் இருக்கு" என்றார். மாற்றலாகிப் போவதற்குள் மாற்றிவிடுங்கள் என்றேன்.

2025-இல் பிரான்சிஸ் நோயுற்றார். பிப்ரவரி 14 முதல் 38 நாட்கள் ரோமின் ஜெமெல்லி மருத்துவமனையில் இருந்தார். காலையில் இரவு எப்படிக் கழிந்தது என்று ஒரு வரி, மாலையில் மருத்துவர்களின் அறிக்கை. 21-ஆம் தேதி மருத்துவர்கள் நேரிலேயே நிருபர்களைச் சந்தித்தார்கள். ஆபத்து நீங்கவில்லை, அது அவருக்கும் தெரியும், அதைச் சொல்லச் சொன்னவரும் அவரே என்றார்கள். என் கணக்கில் முக்கியமானது இந்தச் சம்மதம்தான். நோயாளி சொல்லச் சொன்னது செய்தி. சொல்லாமல் வெளியே போனது 1958-இல் நடந்த வியாபாரம். அந்தச் சாமியாரிடம் முதலில் கேட்டுவிடுங்கள் என்று ஃபாதரிடமும் சொன்னேன்.

அப்போதும் வதந்தி ஓயவில்லை. செயற்கை நுண்ணறிவில் செய்த பொய்ப் படங்கள் சுற்றின, இறந்துவிட்டார் என்று பலர் எழுதினார்கள். மார்ச் 6 இரவு, புனித பேதுரு சதுக்கத்தில் செபமாலைக்குக் கூடியவர்கள் முன் அவருடைய குரல் ஒலித்தது. மூச்சு வாங்குகிறது, சொல் தடுமாறுகிறது. நல்ல குரலாகத் தேடி ஒட்டவில்லை, அப்படியே விட்டார்கள். நான் அதை இரண்டு முறை கேட்டேன்.

ஏப்ரல் 21 காலை 7.35-க்கு அவர் இறந்தார். சுமார் இரண்டு மணி நேரத்தில் கர்தினால் ஃபாரல் கேமரா முன் நின்று நேரத்தோடு அறிவித்தார். டெலிகிராமிலும் செய்தி வந்தது. அன்று மாலையே மருத்துவச் சான்றிதழை வெளியிட்டார்கள்: பக்கவாதம், கோமா, இதயச் செயலிழப்பு. 1978-இல் இப்படி ஒரு தாள் வந்திருந்தால் யாலப்புக்கு எழுத என்ன இருந்திருக்கும்?