லிங்கனின் படம்: கறுப்பு அமெரிக்கரின் வாக்கு ஒருமை குறித்து

சிறுபான்மைச் சமூகம் ஒன்று தேர்தல்தோறும் ஒரே கட்சிக்குத் திரண்டு வாக்களிப்பதைக் காண்போர், அதனை இனாபிமானத்தின் குருட்டு வேகம் என்றோ மந்தைப் புத்தி என்றோ எளிதில் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கறுப்பின மக்களைப்பற்றி இத்தீர்ப்பு பன்முறை வழங்கப்பட்டிருக்கிறது. ஆயினும் அவர்களுடைய சரித்திரத்தை நிதானமாக நோக்குமிடத்து, அவ்வொருமை அனுபவத்தினின்றும் வருவித்துக்கொண்ட ஓர் அனுமானம் என்பதே என் துணிபு.

அடிமைத்தளையை அறுத்த லிங்கனின் கட்சி குடியரசுக் கட்சி; 1870-ல் அரசியல் சாசனத்தின் பதினைந்தாம் திருத்தம் வாக்குரிமைக்கு நிறம் தடையாகாது என்று விதித்தபோது, விடுதலை பெற்றோர் அக்கட்சியைச் சரண் புகுந்ததில் வியப்பில்லை. வியப்புக்குரியது, தென்மாநிலங்களில் அவ்வுரிமை பறிக்கப்பட்ட விதம். தலைவரி, எழுத்தறிவுச் சோதனை, பாட்டன் வாக்களித்திருந்தால் பேரனுக்குச் சோதனையினின்று விலக்கு என்ற விசித்திர விதி ஆகியவற்றைக்கொண்டு, நிறத்தின் பெயரை உச்சரியாமலே நிறம் பார்த்து வடிகட்டினார்கள். லூயிசியானாவில் 1896-ல் 1,30,334 பேராக இருந்த கறுப்பு வாக்காளர் 1904-ல் 1,342 பேராகச் சுருங்கினர். படித்த உபாத்தியாயரையும் கையெழுத்தறியாத பருத்திக் கூலியையும் அச்சல்லடை ஒருங்கே கழித்தது. எல்லோர்க்கும் ஒரே கதி என்ற எண்ணத்தை அவர்களுக்குப் போதித்த ஆசான் ஒருவர் உண்டென்றால், அவர்களைப் பிரித்துப் பார்க்க மறுத்த அந்தச் சட்டமே அவ்வாசான்.

குருட்டு விசுவாசம் கட்சி மாறாது, இவர்களோ மாறினார்கள். 1932-ல் 'பிட்ஸ்பர்க் கூரியர்' பத்திரிகையின் ஆசிரியர் ராபர்ட் வான், லிங்கனுக்குப் பட்ட கடன் தீர்ந்துவிட்டதென்றும், அவர் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடலாமென்றும் தம் இனத்தாருக்கு எடுத்துரைத்தார். அவ்வாண்டு பெரும்பாலோர் அதற்குச் செவிசாய்க்காமல் குடியரசுக் கட்சியின் ஹூவருக்கே வாக்களித்தனர். அத்தேர்தலில் வென்ற ஜனநாயகக் கட்சியின் ரூஸ்வெல்ட்டின் ஆட்சியில் நிவாரண வேலையும் கூலியும் கைக்கு வந்தபின், 1936-ல், அவர் பக்கம் பெருவாரியாகச் சாய்ந்தனர். பத்திரிகாசிரியரின் வாக்கு வன்மையைக் காட்டிலும் கூலிப்பணம் வன்மையுடையது போலும்! அதே ரூஸ்வெல்ட்டின் 1935-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டம், கறுப்பினத்தார் மிகுதியாக ஈடுபட்டிருந்த விவசாயக் கூலியையும் வீட்டு வேலையையும் புறத்தே நிறுத்திற்று என்பதையும் நோக்கினால், அவர்கள் ஓர் இரட்சகரைக் கண்டு மயங்கினரல்லர், கிடைத்த இரண்டில் பயன் மிகுந்ததைத் தேர்ந்தனர் என்பது விளங்கும். 1960-ல்கூட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் குடியரசுக் கட்சியின் நிக்ஸனுக்கு வாக்களித்தனர். சிவில் உரிமைச் சட்டத்தை செனட்டில் எதிர்த்த கோல்டுவாட்டரை 1964-ல் குடியரசுக் கட்சி தன் வேட்பாளராக நிறுத்திய பின்னரே, பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டோர் ஜனநாயகக் கட்சியின் ஜான்ஸனிடம் சென்றனர்.

எல்லோர்க்கும் ஒரே கதி என்ற இவ்வனுமானத்துக்குப் 'பிணைந்த கதி' என்று பொருள்படும் பெயரை இட்டு, 1994-ல் வெளிவந்த தம் நூலில் அதனைச் சித்தாந்தமாக வகுத்தவர் அரசியல் அறிஞர் மைக்கேல் டாஸன். இனத்துக்கு நேர்வது தனக்கும் நேரும் என்று கண்டவன் இனத்தின் க்ஷேமத்தைத் தன் க்ஷேமத்துக்கு அளவுகோலாகக் கொள்வது விவேகமே என்பது அவர் வாதம். அறியாமையே ஒருமைக்குக் காரணமாயின், கல்வியும் செல்வமும் பெருகிய கறுப்பு நடுத்தர வகுப்பில் அது கரைந்திருக்க வேண்டும்; கரையவில்லை. இஸ்மாயில் ஒயிட், கிரில் லேர்டு இருவரும் 2020-ல் எழுதிய நூலில் வேறொரு காரணம் காட்டுகின்றனர்: கொள்கையில் பழமைவாதிகளாயுள்ள கறுப்பினத்தாரும், சுற்றத்தார் என்ன நினைப்பரோ என்ற கருத்தினால் ஜனநாயகக் கட்சியை விட்டு விலகுவதில்லை என்பர். இதனை நான் மறுக்கவில்லை. ஆனால் ஊராரின் கண் ஒருவனை வழியில் நிறுத்திவைக்குமேயன்றி, வழி எதுவென்று காட்டாது. வழியைக் காட்டியது 1936-உம் 1964-உம்.

இவ்வொருமைக்கு விலையும் உண்டு. ஒரு கட்சி இவர்களை நாடுவதில்லை. மற்றது எங்கே போய்விடுவார்கள் என்று அசட்டையாக இருந்துவிடுகிறது. பால் ஃப்ரைமர் 1999-ல் இந்நிலையைச் 'சிறைப்பிடிப்பு' என்று வருணித்தார். குற்றத்தை வாக்காளர்மேல் ஏற்றுவோர், அவர் கையில் எத்தனை கதவுகளின் சாவி கொடுக்கப்பட்டிருந்தது என்பதை முதலில் எண்ணிப் பார்ப்பது நலம்.