போயிங் 737 சுக்கான் வால்வு மாற்றம்

போயிங் 737 பயணிகள் விமானத்தின் வால் சுக்கானை இயக்கும் ஹைட்ராலிக் கருவியில் கண்டறியப்பட்ட வடிவமைப்புக் குறையைக் களைய, அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம் (எஃப்.ஏ.ஏ.) 1997, 2002 ஆம் ஆண்டுகளில் பிறப்பித்த பறப்புத் தகுதி உத்தரவுகளின்படி நடந்த கட்டாய மாற்றம் இது. பறப்புத் தகுதி உத்தரவு என்பது பரிந்துரை அன்று, சட்டம். குறித்த கெடுவுக்குள் அதை நிறைவேற்றாத விமானத்தை இயக்கக் கூடாது.

கருவியின் அமைப்பு

விமானி மிதிக்கும் பெடலின் அசைவை ஏற்றுச் சுக்கானைத் திருப்புவது ஹைட்ராலிக் இயக்கி. எண்ணெய் எந்தப் பக்கம் பாய வேண்டும் என்பதை அதிலுள்ள சர்வோ வால்வு தீர்மானிக்கிறது. இந்த வால்வில் ஒன்றுக்குள் ஒன்றாக நகரும் இரண்டு உருளைகள் உண்டு. ஒன்று சிக்கினாலும் மற்றது வேலை செய்யும் என்பது வடிவமைப்பாளர்களின் கணக்கு. ஆனால், வெளி உருளை கூட்டோடு சிக்கி, உள் உருளை தன் எல்லையைத் தாண்டி நகர்ந்தால் எண்ணெய் எதிர்ப்பக்கம் பாயும். அப்போது வலது பெடலை மிதித்தால் சுக்கான் இடப்புறம் திரும்பும். விமானி அழுத்தி மிதிக்க மிதிக்க நிலைமை மோசமாகும்.

விபத்துகளும் விசாரணையும்

1991 மார்ச் 3 அன்று கொலராடோ ஸ்பிரிங்ஸில் யுனைடெட் 585 என்ற 737 விமானம் விழுந்து 25 பேர் இறந்தனர். 1994 செப்டம்பர் 8 அன்று பிட்ஸ்பர்க் அருகே யு.எஸ்.ஏர் 427 என்ற மற்றொரு 737 விமானம் விழுந்து 132 பேர் இறந்தனர். முதல் விபத்தின் காரணம் தெரியவில்லை என்றே 1992இல் அறிக்கை வெளியானது. 1996இல் ஈஸ்ட்விண்ட் 517 விமானமும் சுக்கான் சிக்கலுக்கு உள்ளாயிற்று. வேகம் கூடுதலாக இருந்ததால் விமானிகள் அதைக் கட்டுப்படுத்தி ரிச்மண்டில் பத்திரமாகத் தரையிறக்கினர். உயிரோடு திரும்பிய அந்த விமானிகளின் வாக்குமூலம் விசாரணைக்கு வலுவான சான்றாயிற்று.

அதே ஆண்டு ஆய்வுக்கூடத்தில், 427இன் இயக்கியைக் கடுங்குளிரில் உறையவைத்துச் சூடான எண்ணெயைச் செலுத்தினார்கள். வெளி உருளை சிக்கியது. இவ்வாறு சிக்கிய வால்வில் அதற்கான தடயம் எதுவும் எஞ்சாமல் போகலாம் என்பதும் சோதனைகளில் தெரிந்தது. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 427 விபத்துக்கு, வால்வு சிக்கிச் சுக்கான் எதிர்ப்பக்கம் திரும்பியதையே மிகச் சாத்தியமான காரணமாக 1999இல் அறிவித்தது. 585 பற்றிய முடிவையும் 2001இல் திருத்தியது.

கட்டாய மாற்றம்

இறுதி அறிக்கைக்குக் காத்திராமல், திருத்தி வடிவமைத்த சர்வோ வால்வைப் பொருத்துமாறு எஃப்.ஏ.ஏ. 1997இல் உத்தரவிட்டது. ஒரே வால்வை நம்பியிருந்த ஏற்பாடு அப்போதும் மாறவில்லை. 2002ஆம் ஆண்டு உத்தரவு சுக்கான் கட்டுப்பாட்டு அமைப்பையே மாற்றச் சொன்னது. புதிய அமைப்பில், சுக்கானை இயக்கும் இரண்டு ஹைட்ராலிக் தொகுதிகளுக்கும் தனித்தனி வால்வுகள் உண்டு. இதற்கு ஆறு ஆண்டு கெடு தரப்பட்டது.

முக்கியத்துவம்

பிரித்துப் பார்க்கும்போது குறையில்லாமல் தெரியும் பாகமும் பறக்கும்போது உயிரைப் பறிக்கலாம் என்பதை இந்த விசாரணை நிறுவியது. ஆகவே, உடைந்த பாகத்தைக் கையில் காட்டினால்தான் மாற்றுவோம் என்ற நிலைப்பாடு பயணிகளின் உயிரைப் பணயம் வைப்பதாகும். தவறு நேரக்கூடிய வழி சோதனையில் தெரிந்த உடனேயே எல்லா விமானங்களிலும் அந்தப் பாகத்தை மாற்றுவதே சரியான நடைமுறை.