காற்றுக்கு ஒரு பூட்டு

சேலம் அம்மாபேட்டையில் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் வீடுகளை எண்ணிப் பாருங்கள். ஒரு வீட்டு வைஃபைக் கருவி வெளியிடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைச் செங்கற்சுவர் வலுவிழக்கச் செய்யுமேயன்றி, முற்றிலும் தடுப்பதில்லை. அடுத்த வீட்டிலும் அது கிடைக்கும். கிடைத்தாலும் பொருள் விளங்காதபடி செய்வதே நாம் 'பாஸ்வேர்டு' என்னும் திறவுகோலின் வேலை. இத்திறவுகோலுக்கும் ஒரு வரலாறு உண்டு.

உடைந்த பூட்டு

1997இல் ஐ.இ.இ.இ. என்னும் பொறியாளர் அமைப்பு கம்பியில்லா வலைக்கான தரத்தை வகுத்தது. அதனுடன் பிறந்த முதற்பூட்டு 'வெப்'. ஒவ்வொரு தகவல் பொட்டலத்தையும் வெவ்வேறு விதமாகப் பூட்டுவதற்காக, நிலையான திறவுகோலுடன் 24 பிட் எண் ஒன்றை அது சேர்த்தது. 24 பிட்டுகளில் அடங்குபவை 1,67,77,216 எண்களே. வினாடிக்கு 1000 பொட்டலங்கள் சென்றால், ஐந்து மணி நேரத்திற்குள் எல்லாம் தீர்ந்து பழைய எண்களே திரும்ப வரும். 2001இல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் ஆகிய மூவர், போதிய பொட்டலங்களைச் சேகரித்தால் திறவுகோலையே கணக்கிட்டுவிடலாம் எனக் காட்டினர்.

எனவே 2003இல் டபிள்யூ.பி.ஏ., 2004இல் அதனினும் வலிய டபிள்யூ.பி.ஏ.2, 2018இல் டபிள்யூ.பி.ஏ.3 எனப் புதிய பூட்டுகள் வந்தன.

இந்தியா கற்ற பாடம்

2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடித்துப் பலர் மாண்டனர். சில நிமிடங்களுக்கு முன் செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. காவல்துறை அதன் தடம்பற்றிச் சென்றபோது, நவி மும்பையில் குடியிருந்த ஒருவரின் வைஃபை இணைப்பை அடைந்தது. சதியில் தொடர்பில்லாத அவர் விசாரணைக்கு ஆளானார். சரிவரப் பூட்டாத அவருடைய இணைப்பைப் பிறர் பயன்படுத்தியிருந்தனர். 2009 பிப்ரவரியில், வைஃபை இணைப்புகளைப் பாதுகாப்பாக அமைக்கும்படி மத்திய தொலைத்தொடர்புத் துறை இணைய நிறுவனங்களுக்கு ஆணையிட்டது.

உங்கள் வீட்டில்

பூட்டு நல்லதாயினும் சாவி எளிதாயின் பயனில்லை. பலர் தம் கைப்பேசி எண்ணையே திறவுகோலாக வைக்கின்றனர். நாமக்கல் லாரி அலுவலகம் ஒன்றில் அப்படி வைத்தால், அந்த எண் பெயர்ப்பலகையிலேயே இருக்குமல்லவா? பலகையைப் பாராதவருக்கும் அது கடினமன்று. 6 முதல் 9 வரையிலான இலக்கங்களில் தொடங்கும் பத்திலக்க எண்கள் 400 கோடி. டபிள்யூ.பி.ஏ.2 வலையில் இணைப்பு ஏற்படும் தருணத்துப் பொட்டலங்களைப் பிடித்து வைத்துக்கொண்டு, வினாடிக்கு 10 லட்சம் எண்களை முயலும் கணிப்பொறிக்கு 4000 வினாடிகளே போதும். மனம்போனபடி கோத்த 12 ஆங்கிலச் சிற்றெழுத்துகளாயின், அதே கணிப்பொறிக்குச் சுமார் 3000 ஆண்டுகள் வேண்டும்!

கருவியின் அடியிலோ பின்புறத்திலோ ஒட்டிய சீட்டில் முதல் திறவுகோல் அச்சிடப்பட்டிருக்கும். அமைப்புப் பக்கத்துள் சென்று அதை மாற்றுங்கள். 8 முதல் 63 எழுத்துகள் வரை இடமுண்டு. பூட்டு வகை 'வெப்' என்றிருந்தால் டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 3க்கு மாறுங்கள். புதிய திறவுகோலை ஒரு குறிப்பேட்டில் எழுதி வீட்டிற்குள் வைத்துக்கொள்ளுங்கள். மறந்துபோனால், கருவியிலுள்ள 'ரீசெட்' பொத்தானைச் சில வினாடிகள் அழுத்திப் பிடியுங்கள். கருவி பழைய நிலைக்குத் திரும்பும். அப்போது சீட்டிலுள்ள திறவுகோலே மீண்டும் வந்துவிடுமாதலால், அதை உடனே மாற்றிவிட வேண்டும்.