கோபுரத்தின் உயரமும் நீரின் வெப்பநிலையும்: அம்மோனியா உறிஞ்சலை முன்வைத்து ஓர் ஆய்வு

வாயுக் கலவையில் உள்ள ஒரு கூறை நீரில் கரைத்துப் பிரிப்பதற்கு, வளையங்களையோ சேணவடிவத் துண்டுகளையோ கொட்டி நிரப்பிய கோபுரம் பயன்படுகிறது. ஆலை வழக்கில் ஸ்க்ரப்பர் எனப்படும் இதில், நீர் மேலிருந்து வழிந்திறங்க, வாயு கீழிருந்து எதிர்த்திசையில் ஏறுகிறது. இதன் உயரத்தைக் கணக்கிட்டபின் அதன்மேல் ஒரு பங்கைக் காப்பாகக் கூட்டிக்கொள்வது பரவலான வழக்கம். அவ்வாறு கூட்டப்படும் உயரம் சில நிலைகளில் ஏறக்குறைய வீணாகும் என்பதையும், காப்பு முதலில் நீரின் அளவிலும் வெப்பநிலையிலுமே அமைய வேண்டும் என்பதையும் இக்கட்டுரை எண்களைக் கொண்டு நிறுவுகிறது.

உயரமே தீர்வு என்னும் எண்ணத்துக்கு வரலாற்றில் இடம் உண்டு. சோடா ஆலைகள் வெளிவிட்ட ஹைட்ரஜன் குளோரைடைப் பிடிக்க 1836இல் இங்கிலாந்தில் வில்லியம் காசேஜ் உருவாக்கிய கோபுரமும், அவ்வாயுவில் 95 விழுக்காட்டைப் பிடித்தே ஆக வேண்டும் என்ற 1863ஆம் ஆண்டின் காரச் சட்டமும் இத்தொழில்நுட்பத்தின் தொடக்கப் படிகள். ஹைட்ரஜன் குளோரைடு நீரில் மிகுதியாகக் கரைவதால், நீர்த்த கரைசலிலிருந்து அது வாயுவாகத் திரும்புவது மிகச் சொற்பம். ஆகவே ஈரமான பரப்பு கூடக்கூடப் பிடிப்பும் கூடியது. அம்மோனியாவோ கரைந்த பின்னும் வெளியேற முனைந்துகொண்டே இருக்கும் வாயு என்பதால், அதற்கு அந்த அனுபவம் அப்படியே பொருந்துவதில்லை.

வாயுவும் நீரும் தொடும் எல்லையின் இருபுறத்திலும் மெல்லிய படலங்கள் இருப்பதாகவும், அவற்றைக் கடப்பதிலேயே தடை முழுவதும் அடங்குவதாகவும் கொள்ளும் இருபடலக் கொள்கையை 1923இல் விட்மன் முன்வைத்தார். 1935இல் சில்ட்டனும் கோல்பர்னும் உயரத்தை இரண்டு காரணிகளின் பெருக்கமாகப் பிரித்தனர். ஒன்று கடத்தல் அலகுகளின் எண்ணிக்கை. பிரிப்பு எவ்வளவு கடினமானது என்பதை இது காட்டும். மற்றொன்று ஓர் அலகின் உயரம். நிரப்பின் பரப்பும் பாய்வுகளின் வேகமும் எவ்வளவு திறம்படச் செயல்படுகின்றன என்பதை இது காட்டும். நிரப்பை மாற்றினால் பின்னது மாறும்; முன்னது மாறாது.

அந்த எண்ணிக்கையை ஆள்வது உறிஞ்சல் காரணி. வாயுவிலும் நீரிலும் கரைபொருளின் மோல் பின்னங்கள் சமநிலையில் கொள்ளும் விகிதம் சமநிலை மாறிலி ஆகும். நீர்ப் பாய்வை வாயுப் பாய்வால் வகுத்து, அதை மேலும் இம்மாறிலியால் வகுத்தால் உறிஞ்சல் காரணி கிடைக்கும். அது 1க்கு மேல் இருந்தால், வரும் கரைபொருள் முழுவதையும் ஏற்கும் கொள்ளளவு நீருக்கு உண்டு. 1க்குக் கீழே இறங்கினால் அக்கொள்ளளவு இல்லை.

காற்றில் 2 மோல் விழுக்காடு அம்மோனியா இருப்பதாகவும், அதில் 99 விழுக்காட்டைத் தூய நீரால் பிடிக்க வேண்டும் என்றும் கொள்வோம். வளிமண்டல அழுத்தத்தில், 20 டிகிரி செல்சியஸில், நீர்த்த கரைசலுக்குச் சமநிலை மாறிலி ஏறத்தாழ 0.76. உறிஞ்சல் காரணி 1.1 என்றால் 25.3 அலகுகள் தேவை; 1.4 என்றால் 11.8, 2 என்றால் 7.8, நீர் வரம்பின்றிக் கிடைத்தாலும் 4.6 அலகுகளுக்குக் குறையாது. ஓர் அலகின் உயரத்தை 0.6 மீட்டர் எனக் கொண்டால், முதல் மூன்றுக்கும் முறையே 15.2, 7.1, 4.7 மீட்டர் உயரம் வேண்டும். நீர்ச் செலவும் கட்டுமானச் செலவும் ஒன்றையொன்று ஈடுகட்டும் இடம் பெரும்பாலும் 1.4ஐ ஒட்டி அமைவதால், ஒரு மோல் வாயுவுக்கு 1.064 மோல் நீர் விட்டு, 7.1 மீட்டர் உயரத்தில் கோபுரம் கட்டப்படுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

அதே கோபுரத்துக்கு 30 டிகிரி நீர் வந்தால் நிலைமை அடியோடு மாறுகிறது. சமநிலை மாறிலி ஏறத்தாழ 1.2க்கு உயர, உறிஞ்சல் காரணி 0.89க்கு இறங்குகிறது. கோபுரத்தின் அடியில் நீர் வாயுவோடு சமநிலையை எட்டி, மேற்கொண்டு ஏற்க இயலாமல் நின்றுவிடுவதால், கோபுரம் வானளாவ உயர்ந்தாலும் பிடிப்பு 89 விழுக்காட்டைத் தாண்டாது. கணக்கிட்டால், 11.8 அலகுகள் கொண்ட அக்கோபுரம் 86 விழுக்காட்டையே பிடிக்கும். உயரத்தை இரட்டிப்பாக்கினாலும் 88 விழுக்காடுதான். வெளியேறும் வாயுவில் 0.02 விழுக்காடாக இருக்க வேண்டிய அம்மோனியா, இரட்டிப்பாக்காத கோபுரத்தில் 0.28 விழுக்காடாக, அதாவது பதினான்கு மடங்காக, நிற்கிறது.

இந்த வெப்பம் வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பதும் இல்லை. ஒரு மோல் அம்மோனியா நீரில் கரையும்போது ஏறத்தாழ 34 கிலோஜூல் வெப்பம் வெளிப்படுகிறது. மேற்கண்ட பாய்வில் அது முழுவதும் நீரிலேயே தங்கினால் நீர் 8 டிகிரிக்கு மேல் சூடேறும். வாயு ஒரு பங்கை ஏற்பதாலும் நீர் ஆவியாவதாலும் உண்மை உயர்வு இதைவிடக் குறையும் என்றாலும், 20 டிகிரி நீரை விட்டவர் கோபுரம் முழுவதும் 20 டிகிரியிலேயே இருக்கும் என்று கணக்கிடுவது தவறாகும். குளிரூட்டப்படாத நீரே கோடையில் 30 டிகிரியை எட்டும் தமிழகம் போன்ற வெப்பநிலங்களில், 20 டிகிரித் தரவைக் கொண்டு வடிவமைப்பது இரட்டைப் பிழையாகும்.

அலகின் உயரத்தைத் துல்லியமாக அறிய இயலாது என்பதும், கொட்டிய நிரப்பில் நீர் சுவரோரம் ஒதுங்கி நடுப்பகுதி காய்ந்துவிடக்கூடும் என்பதும் உண்மையாகையால், உயரத்தில் காப்பு வைப்பதே முறை என்று ஒரு சாரார் வாதிடலாம். அவ்வாதம் உறிஞ்சல் காரணி 1ஐத் தெளிவாகத் தாண்டிய நிலையில் ஏற்கத்தக்கதே: காரணி 1.4 ஆக இருக்கையில் உயரத்தைப் பத்து விழுக்காடு கூட்டினால், வெளியேறும் அம்மோனியா ஏறத்தாழ 29 விழுக்காடு குறைகிறது. ஆனால் அக்காப்பு அலகின் உயரத்தில் உள்ள ஐயத்தைத் தீர்க்குமேயன்றி, சமநிலையில் நேர்ந்த பிழையைத் தீர்க்காது.

எனவே கணக்கீட்டின் வரிசை மாற வேண்டும். கோபுரத்தின் அடியில் நீர் அடையக்கூடிய மிகுந்த வெப்பநிலையை முதலில் மதிப்பிட்டு, அதற்குரிய சமநிலை மாறிலியைக் கொண்டு நீர்ப் பாய்வைத் தீர்மானிக்க வேண்டும். மேற்கண்ட எடுத்துக்காட்டில், 30 டிகிரியில் நீர்ப் பாய்வை 1.064இலிருந்து 1.68ஆக உயர்த்தினால் காரணி மீண்டும் 1.4ஐ எட்டி, பழைய 11.8 அலகுகளே போதுமானவை ஆகின்றன. கூடுதல் நீரைக் கோபுரத்தின் விட்டம் தாங்குமா என்பதையும் உடன் சரிபார்க்க வேண்டும். அவ்வளவு நீர் கிடைக்காத இடத்தில் நீரைக் குளிர்விப்பதோ, அம்மோனியாவை உப்பாக மாற்றும் நீர்த்த அமிலத்தைச் சேர்ப்பதோ வழியாகும். இவை முடிவான பின்னரே உயரத்தையும் அதற்குரிய காப்பையும் கணக்கிட வேண்டும்.